மழைக்காலக் கேள்வி-பதில்: தாமானில் வீட்டைப் பாருங்கள், தோட்டத்தில் பாதையைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை விடாது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதி டவுனில் தாமான் எனும் வீட்டுக் குடியிருப்புகளில் இருப்பவர்களுடையது, பாதி தோட்டத்தில் இருப்பவர்களுடையது. பெய்வது ஒரே மழைதான். ஆனால் இரண்டு இடத்துக்கும் ஒரே ஆலோசனை சொன்னால் யாராவது ஒருவர் மாட்டிக்கொள்வார்.

தாமானில் டெரஸ் வீடு. சாமான்களை எப்போது மேலே ஏற்றுவது? போன தடவை தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டதே என்கிறார் வீட்டுக்காரர்.

போன தடவையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அம்மா. வீட்டு முன்னால் உள்ள கால்வாயைப் பாருங்கள். மழை குறைந்த பிறகும் தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்று ஏறிக்கொண்டே போனால், ஆற்று மட்டம் உயர்ந்து கால்வாய்த் தண்ணீர் இறங்க வழியில்லை என்று அர்த்தம். கைப்பேசியில் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' பக்கத்தையும் பாருங்கள். ஆற்று மட்டம் 'வஸ்பாடா'வைத் (விழிப்பு நிலை) தாண்டி 'அமாரான்' (எச்சரிக்கை நிலை) ஆனதும் ஏற்றத் தொடங்குங்கள். 'பஹாயா' (அபாய நிலை) வருவதற்குள் நீங்கள் கிளம்பியிருக்க வேண்டும்.

முதலில் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்டு (உரிமைப் பத்திரம்), மருந்து. டிவியும் சோபாவும் அப்புறம். கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடி, கழற்றி, கம்பியில் கட்டிவையுங்கள். தண்ணீரில் அது மிதக்கும். கட்டாத தோம்பு மிதந்து போய் எங்காவது இடித்தால் வால்வு உடைந்து கேஸ் கசியலாம். மெயின் சுவிட்சைத் தண்ணீர் வருவதற்கு முன்பே அணையுங்கள். தரை நனைந்த பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.

தோட்டத்தில் எங்கள் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மேட்டில் இருக்கிறது. வெள்ளம் உள்ளே வந்ததே இல்லை. நாங்களும் தயாராக வேண்டுமா? மாமியார் இன்சுலின் போடுகிறார்.

கட்டாயம் தயாராக வேண்டும். உங்களுக்குத்தான் இந்தத் தடவை நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

தோட்டத்தில் வீடு மூழ்குவதற்கு முன்னால் பாதை மூழ்கிவிடும். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவே போகும் செம்மண் சாலை எங்காவது ஒரு தாழ்வான இடத்தில் ஓடையைக் கடந்துதான் வெளியே வரும். அங்கே தண்ணீர் ஏறினால் உங்கள் மேடு தீவாகிவிடும். டவுனில் திடீர் வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடுவது உண்டு. தாழ்வான தோட்டங்களில் அது நாள்கணக்கில் நிற்கும். கரண்ட் போனால் பம்பும் நிற்கும், குழாயும் காயும்.

அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிநீர் என்று வைத்து, ஒரு வாரத்துக்குச் சேமியுங்கள். அரிசி, பருப்பு, கருவாடு, டின் மீன், மெழுகுவர்த்தி, டார்ச் லைட் எல்லாம் மழைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பவர் பேங்க்கை நிரப்பியே வையுங்கள்.

இன்சுலின் விஷயம்: திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்ததில் பெரும்பாலான வகை 30 டிகிரிக்குள் 28 நாள் வரை தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் மருந்தை ஒரு டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலின் உதவாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயதானவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் குடும்பம் பாதை திறந்திருக்கும்போதே டவுன் பக்கம் வந்துவிடுவது நல்லது. மண்டோரிடமும் (மேற்பார்வையாளர்) கிராணியிடமும் (தோட்ட எழுத்தர்) யார் யார் என்று இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். படகு வர வேண்டிய நிலை வந்தால் 999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் (தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதையும்) சொல்லுங்கள்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். காரை ஓட்டிக் கடக்கலாமா?

வேண்டாம், தம்பி. ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். காம்ப்ரிஹென்சிவ் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். கார் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

மாடுகளை என்ன செய்வது?

மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். கட்டிப்போட்ட மாடு நின்ற இடத்திலேயே செத்துப்போகும், அவிழ்த்துவிட்டால் நீந்திக் கரையேறும்.

வெள்ளம் வடிந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கி வைக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். சிகாமட்டில் 2006 டிசம்பரில் மூழ்கிய வீடுகளைக் கழுவி நிமிர்வதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் வெள்ளம் வந்தது. 2023-இல் மார்ச் மாதத்திலேயே வந்தது. உடனே தேவைப்படாததை மார்ச் முடியும் வரை மேலேயே விடுங்கள்.

கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் நோய்க் கிருமி இருக்கும், காலில் உள்ள சின்ன வெட்டு வழியாக அது உள்ளே போகும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். கிளினிக்குக்குப் போய், வெள்ளத்தில் நடந்தேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.