கை வலிக்கலாம், சிறுநீர் கறுக்கக் கூடாது

அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். முழங்கால் சத்தம், ரத்த அழுத்தம், கல்லீரல் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்: “காய்ச்சலால் மூன்று வாரம் ஃபங்ஷனல் ஃபிட்னஸ் வகுப்புக்குப் போகவில்லை. திரும்பிப் போன அன்று புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) சேலஞ்ச். எல்லாரும் கைதட்ட, ரப்பர் பட்டை உதவியோடு நானும் முடித்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் கையை நீட்டவே முடியவில்லை. சிறுநீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போனது. வலி மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது.”

சரியாகிவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள். மருத்துவராக நான் இன்னும் சொல்லமாட்டேன்.

பழக்கமில்லாத அளவுக்கு உழைத்த தசை சில சமயம் வலியோடு நிற்பதில்லை. தசை நார்கள் உடைந்து, அவற்றுக்குள் இருப்பதெல்லாம் ரத்தத்தில் கலந்துவிடும். அதில் மயோகுளோபின் என்ற புரதம்தான் சிறுநீரைக் கறுப்பாக்குகிறது. போகிற வழியில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது பாழாக்கும். கூடவே வெளியேறும் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இதற்குப் பெயர் ரேப்டோமயோலிசிஸ். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, இடிபாடுகளில் கைகால் நசுங்கி உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941-இல் அதைப் பதிவு செய்தார்கள். கட்டடம் இடிந்து விழுந்தால்தான் இது வரும் என்றில்லை. இருபது நிமிட உடற்பயிற்சியிலும் வரலாம்.

யாருக்கு வரும்? முதல் நாளே ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் செய்பவருக்கு வரும். அதேபோல, நன்றாகப் பழகியிருந்து இடையில் சில வாரம் விட்டுப்போனவருக்கு வரும். மனதுக்குப் பழைய எண்ணிக்கை நினைவிருக்கும், தசைக்கு இருக்காது. அதிலும் புல்-அப் போன்றவற்றில், மேலே ஏறுவதைவிட உடலை மெதுவாகக் கீழே இறக்கும்போதுதான் தசை அதிகம் கிழிபடுகிறது. காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்த உடம்பு, உடலில் நீர் குறைவு, நீங்கள் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரை (ஸ்டாடின் வகை) எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடும். உங்கள் கடிதத்தில் இவை எல்லாமே இருக்கின்றன. அதற்காக ஸ்டாடினை நாளைக் காலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைத் தந்த மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

சாதாரண வலி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பயிற்சி செய்த மறுநாள் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், கொஞ்சம் நடந்தால் இளகும். படியிறங்கும்போது முனகுவீர்கள், ஆனால் இறங்கிவிடுவீர்கள். சிறுநீர் எப்போதும் போலத்தான் இருக்கும். அந்த வலிக்கு மருத்துவர் தேவையில்லை. கை வீங்கி, கல் மாதிரி இறுகி, தலை வாரக்கூடத் தூக்க முடியவில்லை என்றால் அது வேறு. சிறுநீர் கறுத்துவிட்டால் கேள்வியே இல்லை, அன்றைக்கே மருத்துவமனை. நாளைக்குப் பார்க்கலாம் என்பதும், வீட்டிலேயே தண்ணீர் குடித்துச் சரிசெய்துவிடலாம் என்பதும் வேண்டாம். சிபிகே (தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு), பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, இவ்வளவுதான் முதலில் தேவை. சிபிகே வழக்கமாக 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். இந்த நிலையில் ஆயிரங்களில் போகும், சிலருக்கு லட்சத்தையும் தொடும். சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை ‘ரத்தம் இருக்கிறது’ என்று காட்டும், நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு தென்படாது. நிறத்துக்குக் காரணம் ரத்தமல்ல, தசையிலிருந்து வந்த புரதம் என்பதற்கு அது நல்ல துப்பு. நேரத்தோடு வந்தால் பெரும்பாலானோருக்கு ரத்தக்குழாய் வழியாக நீர்மம் ஏற்றியே சரிசெய்துவிடலாம்.

நீங்கள் வரவில்லை. வலி மாத்திரை போட்டீர்கள். மூன்று நாள், வேளைக்கு ஒன்று. சிறுநீரகம் தத்தளிக்கும்போது அதற்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது உடலே சுரக்கும் சில வேதிப்பொருட்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அடக்குவது அவற்றைத்தான். அதாவது, எந்த நேரத்தில் அதைத் தொடவே கூடாதோ அந்த நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: குழுவில் யாரோ சொன்னார்களென்று, இப்போதெல்லாம் வகுப்புக்குப் போகும் முன்பே ‘முன்னெச்சரிக்கையாக’ ஒன்று போட்டுக்கொள்கிறீர்களாம். வராத வலிக்கு எதற்கம்மா மாத்திரை? இன்றோடு நிறுத்துங்கள். உடல் ‘போதும்’ என்று சொல்ல இருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிட்டு எடை தூக்குகிறீர்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கை. சேலஞ்ச் முடிந்து ஐந்தாம் நாள் எடுத்தது. எஸ்ஜிஓடி (கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஒரு நொதி) 112 என்று தடித்த எழுத்தில் பார்த்ததும் இணையத்தில் தேடி, கல்லீரல் போய்விட்டது என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. தசை அடிபட்டால் அது ஏறும். உங்களுக்குக் கல்லீரலைக் காட்டும் ஜிஜிடியும் பிலிருபினும் இயல்பாக இருப்பதால், கல்லீரலைவிடத் தசை மேல்தான் எனக்குச் சந்தேகம். அதே தாளில் நீங்கள் ‘லேசான ஏற்றம்’ என்று எழுதித் தாண்டிப்போனது கிரியாட்டினின். போன வருடம் 0.8, இப்போது 1.4. இது லேசான ஏற்றமல்ல. சில நாள் சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது என்றுதான் அதைப் படிக்க வேண்டும். ‘எடை தூக்கினால் கிட்னி போய்விடும்’ என்று ஒரு வீடியோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடையைக் குற்றம் சொல்லாதீர்கள். மூன்று வார இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் பழைய அளவுக்குத் தாவியதும், அதன் மேல் போட்ட மாத்திரைகளும்தான் காரணம்.

ஏழு வாரம் ஆகிவிட்டது, சிறுநீரும் தெளிவாகப் போகிறது என்பதால் பெரும்பாலும் மீண்டிருப்பீர்கள். ஆனாலும் பார்த்துவிட வேண்டும். வலி மாத்திரை இல்லாமல், கடினப் பயிற்சியும் இல்லாமல் ஐந்து நாள் இருந்துவிட்டு கிரியாட்டினின், சிபிகே, எஸ்ஜிஓடி, சிறுநீர் எல்லாம் மறுபடி பாருங்கள். தைராய்டும் பார்த்துவிடுங்கள், அது குறைவாகச் சுரந்தாலும் தசை சுலபமாக நொந்துபோகும். கிரியாட்டினின் இறங்காவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை நடை, லேசான பயிற்சி போதும்.

மீதிக் கவலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்குவாட் செய்யும்போது முழங்கால் சொடக்குப் போடுகிறதா? வலியும் வீக்கமும் இல்லாதவரை போட்டுக்கொள்ளட்டும். எடை தூக்கினால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்ற வீடியோவை அழித்துவிடுங்கள். தூக்கும் நொடியில் அழுத்தம் ஏறும், உண்மைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் இன்னும் ஏறும். எனவே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். உங்களைப் போல மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு, தொடர்ந்து செய்தால் ஓய்வுநேர அழுத்தம் கொஞ்சம் குறையவே செய்யும். 57 வயதில் உடம்பு ஆண் மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள், இந்த வயதில் இருக்கும் தசையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. குதிக்கும்போது சிறுநீர் கசிவதை வெட்கப்பட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பெற்ற பெண்கள் நிறையப் பேருக்கு இருப்பதுதான். இடுப்புத் தளத் தசைகளுக்கென்று பயிற்சி இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அதுவரை குதிப்பதற்குப் பதில் ஏறி இறங்குங்கள்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். “நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு தனியாக இருக்கும் வீட்டைப் பற்றி அரைப் பத்தி.

நிறுத்த வேண்டாம்.

அம்மாவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்காமலிருக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. தரையிலிருந்து எழுவது, பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது, தடுக்கும்போது விழாமல் காலை ஊன்றிக்கொள்வது, இதற்கெல்லாம்தான் உங்கள் வகுப்பில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், எடையைச் சுமந்து நடப்பது என்று பழக்குகிறார்கள். வேண்டுமானால் வீட்டிலேயே பாருங்கள். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் செயல்திறன் குறைகிறது என்று ஆசிய நாடுகளுக்கான 2019-ஆம் ஆண்டு தசைத் தேய்வு வழிகாட்டுதல் சொன்னது. வயதாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். 1990-இல் வெளியான ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியிருந்தவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள், கால் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இருமுறை அரை மணி நேரம், கண்காணிப்போடு, கனமான எடை தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. 2018-இல் வந்த ஆய்வு அது. கண்காணிப்போடு என்பதைக் கவனியுங்கள்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருப்பதால் உங்களுக்கும் எலும்பு முறியும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் ஒருமுறை எடுத்துவிடுங்கள். அடர்த்தி குறைவாக இருந்தால் பயிற்சியை விடச் சொல்லமாட்டோம், முதுகை வளைத்துத் தூக்குவதை மட்டும் மாற்றச் சொல்வோம்.

அப்புறம் அந்தக் குழு. காய்ச்சலில் கிடந்தபோது நான்காம் நாளே ஒருவர் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மருத்துவக் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன். 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்றில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. நான் பார்த்தவரை, தனியாக ஜிம்முக்குப் பணம் கட்டியவர்கள் இரண்டாம் மாதம் நின்றுவிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளிருக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் வருடக்கணக்கில் போகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு உங்களைப் பதினைந்தாவது எண்ணிக்கையில் நிறுத்தவிடாமல் கைதட்டியதும் அதே குழுதான். அவர்கள் மேல் தப்பில்லை, உங்களுக்கு மூன்று வார இடைவெளி என்று அவர்களுக்கு உறைத்திருக்காது. கோச்சுக்கு உறைத்திருக்க வேண்டும். இடைவெளி விட்டு வருகிறவர் முதல் வாரம் பாதி எடை, பாதிச் சுற்று, கேட்காமலே இப்படிக் குறைத்துத் தருவதுதான் அவர் வேலை. புல்-அப்பை ஒன்றிரண்டு சுற்றோடு நிறுத்தி, அடுத்த இரண்டு நாள் கை எப்படியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கூட்ட வேண்டும். இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். முகம் சுளித்தால் வேறு பேட்ச், வேறு கோச் பாருங்கள். உங்கள் சிறுநீரின் நிறத்தைக் குழுவிலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அந்த ‘முன்னெச்சரிக்கை’ மாத்திரையை இன்னும் எத்தனை பேர் போடுகிறார்களோ.

அடுத்த மாதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை வேண்டாம். போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள், யாராவது முகம் வெளிறி நின்றால் ‘போதும், இறங்கு’ என்று சொல்லவும் ஆள் வேண்டுமே. முடிவுகள் இயல்பாக வந்து, இரண்டு மூன்று மாதம் படிப்படியாக ஏற்றிய பிறகு அதற்கடுத்த போட்டியைப் பற்றிப் பேசலாம். ரத்தப் பரிசோதனை முடிவோடு மருத்துவரிடம் போகும்போது போன வருட அறிக்கையையும், கொலஸ்ட்ரால் மாத்திரை, வலி மாத்திரை இரண்டின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.