பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன்: இப்போது கையெழுத்துப் போட வேண்டாம்

கையெழுத்துப் போடாதீர்கள். கடலூரில் உங்கள் தங்கைக்குப் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை, பெரியவர்கள் உடனே ஆபரேஷன் செய்து 'சரிசெய்ய' அவசரப்படுத்துகிறார்கள் என்கிறீர்கள். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய அந்த அறுவை சிகிச்சை கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசாணை போட்டாயிற்று; அந்த ஏப்ரலில் அருண்குமார்-ஸ்ரீஜா என்ற தம்பதியின் திருமணப் பதிவு வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதால் வந்தது அது.

இதைவிட அவசரமானது ரத்தப் பரிசோதனை. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைந்தால், பெண் குரோமோசோம் உள்ள குழந்தைக்கும் பிறப்புறுப்பு இப்படி இருக்கலாம். அதில் ஒரு வகையில் உடம்பிலிருந்து உப்பு வெளியேறிவிடும், முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே உயிருக்கே ஆபத்தாகும். 17-ஓஎச்பி (இந்த நொதிக் குறைவைக் காட்டும் ஹார்மோன் அளவு), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்த்தார்களா என்று இன்றே கேளுங்கள். குரோமோசோம் முடிவு மெதுவாக வரட்டும். வாந்தி, பால் குடிக்காமை, சோர்வு இருந்தால் எதற்கும் காத்திராமல் ஓடுங்கள். உரிய ஹார்மோன் மருந்து கொடுத்தால் சமாளிக்கக்கூடிய நோய்தான்.

காரணம் இது ஒன்றுதான் என்றில்லை, வேறு பலவும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் இருக்கிறார்கள், போகலாம். ஆனால் அரசாணை தமிழ்நாட்டுடையது, புதுச்சேரி தனி நிர்வாகம். அங்கே யாராவது ஆபரேஷன் என்றால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடம் 'டெஸ்ட் ரிசல்ட் வரணும்' என்று சொன்னால் போதும், அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.