டிக்டிக்கா, டக்கா?

வாசகர்களின் கார் சந்தேகங்களுக்கு மதுரை ஆட்டோ எலெக்ட்ரிசியன் ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயது. வாரத்தில் இரண்டு நாள் எடுத்தால் அதிகம். சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்டிக்டிக்’ என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம் வருகிறதே தவிர, இன்ஜின் சுற்றுவதில்லை. ஐந்து மாதம் முன்புதான் புது பேட்டரி போட்டோம். லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. கடைக்காரர் மறுபடியும் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். மாற்றவா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அம்மா. முதலில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

லைட் எரிவதை வைத்து பேட்டரியை எடைபோட முடியாது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஒன்பது, பத்து ஆம்பியர்தான் கேட்கும். இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பையில் காய்கறிக்குக் காசு இருந்தால் கல்யாணச் செலவுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியுமா?

அந்த ‘டிக்டிக்’, செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட் விடும் காந்த சுவிட்சான சோலினாய்டு போடும் சத்தம். சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் கரண்டிலேயே அது உள்ளே இழுத்து மோட்டாருக்கு வழி திறந்துவிடும். மோட்டார் ஒரேயடியாக கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். சோலினாய்டு பிடியை விடும். விட்டதும் வோல்டேஜ் எழும், மறுபடி இழுக்கும். இப்படி இழுத்து இழுத்து விடுவதுதான் உங்கள் பல்லி. ஆக, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை. குறை பேட்டரியிலும் இருக்கலாம், வழியிலும் இருக்கலாம்.

பானெட்டைத் திறந்து, பேட்டரியில் ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ சுண்ணாம்பு பூத்த மாதிரி இருக்கிறதா? கையால் திருகினால் கிளாம்ப் அசைகிறதா? புது பேட்டரி மாட்டும்போது பழைய கிளாம்பைச் சுரண்டாமல் அப்படியே போட்டுவிடுவது நம் ஊரில் சகஜம். மைனஸை முதலில் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாற்றிச் செய்தால், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்பு பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பேட்டரி மூடிக்குள் இறங்கிவிடக் கூடாது. ஈயம் பளபளவென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, முதலில் பிளஸ், பிறகு மைனஸ் மாட்டி முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

அப்படியும் டிக்டிக் என்றால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. ஆனால் காலியான பேட்டரி எல்லாம் கெட்ட பேட்டரி அல்ல. சார்ஜ் போட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். நிற்கிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்கணும். அதை விட்டுவிட்டு எத்தனை பேட்டரி போட்டாலும் வீண்.

இன்னொன்று. போன ஆடியில் ஒரு வாத்தியார் வந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். லைட்டைப் போட்டு சாவியைத் திருப்பினேன். லைட் துளிகூட மங்கவில்லை, ஆனால் செல்ஃப் சுற்றவில்லை. பேட்டரி பலவீனம் என்றால் லைட் செத்துப்போயிருக்குமே! இரண்டு முனையிலும் கிளிப் வைத்த தடித்த ஒயரான ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறு முனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டேன். ஒரே திருப்பில் எடுத்தது. யாரோ கிளட்ச் வேலை பார்த்துவிட்டு, இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் பட்டையை முறுக்காமல் விட்டிருந்தார்கள். போல்ட்டின் அடியில் ஒரே துரு. சுரண்டி முறுக்கிவிட்டு காசு வேண்டாம் என்றேன். கேட்காமல் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் வண்டி நின்றே கிடப்பதும் ஒரு காரணம். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பேட்டரி நிறையாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள்.

கேள்வி: என் வண்டியில் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மெக்கானிக் கீழே ஸ்பேனரால் தட்டினார், ஸ்டார்ட் ஆகிவிட்டது. இது சரியான வைத்தியமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வீடு போய்ச் சேர மட்டும். செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இல்லை சோலினாய்டுக்குள் செம்புக் கட்டை கருகியிருக்கலாம். தட்டும்போது தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது. செல்ஃபைக் கழற்றிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரஷ்ஷோடு போனால் செலவு குறைவு. உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் தேயும்வரை தட்டிக்கொண்டிருந்தால் மோட்டாரே போய்விடும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: தெருவே சேர்ந்து தள்ளினாலும் ஆகாது. வேறு வண்டி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்ய, டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள் போட்டு வையுங்கள்.