பூப்பனிக்கு போஞ்சி கருகுதா? முதல்ல மேடு பள்ளத்தைப் பாருங்க

ராகலைப் பக்கம் லயத்துக்குப் பின்னால மரக்கறி போட்டிருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, போன ஜனவரி பூப்பனியில (ராத்திரி இலையிலயும் தரையிலயும் வெள்ளையா உறையிற பனி) போஞ்சியும் உருளைக்கிழங்கும் ஒரே ராத்திரியில கருகிருச்சாம், பொலித்தீன் போட்டு மூடியும் சரிவரலயாம், ஆனா மேல மேட்டுல போட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அது ஏன்னு.

அந்த மேடுதான் தங்கச்சி விஷயமே. மேகமும் இல்லாம காத்தும் இல்லாம வானம் வெறிச்சுன்னு இருக்கிற ராத்திரியில மண்ணுல இருக்கிற சூடு மேல போயிரும், குளிர்ந்த காத்து பாரம், அது தண்ணி மாதிரி சரிவுல இறங்கி பள்ளத்துல தேங்கிரும். ஹோர்டன் சமவெளியில பாத்தீங்கன்னா பள்ளமெல்லாம் புல்லு, காடு சரிவுலயும் மேட்டுலயும்தான் நிக்கும், பனியில மரக்கன்னுக பொழைக்காததும் அதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. காட்டு மரமே போகாத எடத்துல நாம போஞ்சி நட்டா எப்புடி?

அதனால பள்ளத்துல லீக்ஸ், கோவா, கரட் போடுங்க, இதுக ஓரளவு தாங்கும். போஞ்சி, உருளைக்கிழங்கு, தக்காளி மேட்டுக்கு. கீழ்ப்பக்கத்து வேலி அடர்த்தியா இருந்தா கொஞ்சம் வெட்டிவிடுங்க, குளிர்காத்து வெளிய போக வழி வேணும்ல.

பொலித்தீன் மெல்லிசு, சூடு அது வழியாவும் போயிரும், இலையில ஒட்டுற எடத்துல இன்னும் மோசமா கருகும். கம்பு நட்டு அதுக்கு மேல சாக்கு போடுங்க, ஓரம் தரையைத் தொடணும் ஏன்னா சூடு மண்ணுலருந்துதான் வருது, காலையில எடுத்துருங்க. இன்னொன்னு, நெறைய பேர் செடிக்கு அடியில மானாப்புல்லை மொத்தமா பரப்புறாங்க, வெயில் காலத்துக்கு அது நல்லது, பனிக்கு இல்ல, மண்ணுச்சூட்டை செடிக்கு வரவிடாம அடைச்சுரும். புல்லை ஒதுக்கிட்டு காலையிலயே மண்ணு நனைய தண்ணி விடுங்க, ஈரமண்ணு பகல் சூட்டை பிடிச்சு வைக்கும். சாயந்திரம் இலையில தெளிச்சா உருளைக்கிழங்குக்கு கருகல் நோய்தான் வரும்.

டிசம்பர் கடைசியில யூரியா வேணாம், போட்டா எளந்தளிரா விடும், பனியில அதுதான் முதல்ல போகும். கருகின உருளைக்கிழங்கை உடனே பிடுங்காதீங்க, அடியிலருந்து திரும்ப துளிர்க்கும். போஞ்சி தண்டோட கருகியிருந்தா அது இனி துளிர்க்காது, பனி முடிஞ்சதும் புது விதை போடுங்க.