அந்தப் பொத்தானை அணைக்கலாமா?

கேள்வி: முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எந்த மின்னணு உதவியுமின்றிப் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறேன். அண்மையில் வாங்கிய காரில், ஈரமான ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் மஞ்சள் விளக்கு மின்னுகிறது, இன்ஜினும் திணறுகிறது. பொத்தானை அழுத்தி அந்த மின்னணு உதவியை அணைத்துவிட்டே ஓட்டுகிறேன். கூடவே கூடாது என்கிறான் மகன். அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இது தேவைதானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றி வாதிடுகிறீர்கள். உங்களுக்கு எரிச்சலூட்டுவது டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் பிடிப்பின்றிச் சுழலத் தொடங்கியதும் அது இன்ஜினின் விசையைக் குறைக்கிறது. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடவும் செய்கிறது. மகன் அஞ்சுவது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை இழப்பதைப் பற்றி. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே பொத்தான் என்பதால்தான் இந்தக் குழப்பம். சிறிது அழுத்தினால் முன்னது மட்டும், நீண்ட நேரம் அழுத்தினால் இரண்டும் அணையும்படி அமைத்த கார்களும் உண்டு. உங்கள் காரில் எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வளைவில் முன்பக்கம் திரும்பாமல் நேராக வழுக்கினால் உட்புறப் பின்சக்கரத்தையும், பின்பக்கம் வெளியே வீசினால் வெளிப்புற முன்சக்கரத்தையும் பிடித்து வண்டியைப் பாதைக்குக் கொண்டுவர முயல்கிறது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் காலடியில் இருப்பது ஒரே பிரேக் மிதிதான். அதைக் கொண்டு ஒரு சக்கரத்தை மட்டும் தனியே பிடிக்க அவரால் இயலாது. ஆகவே இது உங்கள் திறமையைக் குறைத்து மதிப்பிடும் கருவி அன்று.

1997-இல் சுவீடனில், சாலையில் திடீரென மான் குறுக்கிட்டால் ஒதுங்குவதைப் போன்ற சோதனையில் மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. ஓட்டியவர் கார்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர். நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு, 1995-இல் தன் விலையுயர்ந்த கார்களுக்கென பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து அறிமுகப்படுத்தியிருந்த இ.எஸ்.பி. எனும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அந்தச் சிறிய காரிலும் கட்டாயமாகப் பொருத்தியது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் இது சட்டப்படி கட்டாயம்.

ஆனாலும் உங்கள் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. சேற்றிலோ மணலிலோ சிக்கிய கார் வெளியே வரச் சக்கரம் சற்றுச் சுழன்றாக வேண்டும். அப்போது விசையைக் குறைத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கே அணையுங்கள், வெளியே வந்ததும் மறக்காமல் இயக்குங்கள். ஈரமான மலை ஏற்றத்தில் அணைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். விளக்கு அடிக்கடி மின்னினால் காலை மென்மையாக அழுத்திப் பாருங்கள். டயரின் தேய்மானத்தையும் பாருங்கள்: பள்ளங்களுக்குள் இருக்கும் அடையாளக் கட்டைகள் டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால், எஞ்சியிருப்பது 1.6 மி.மீ. ஆழம் மட்டுமே.

கேள்வி: இ.எஸ்.பி. இருக்கும்போது மழையிலும் வழக்கமான வேகத்தில் செல்லலாம் அல்லவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கூடாது. டயருக்கு இருக்கும் பிடிப்பை அது பங்கிட்டுத் தருகிறதே தவிர, புதிதாக உண்டாக்குவதில்லை. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கும்போது, எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டும் பயனில்லை.

கேள்வி: விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டே இருக்கிறதே?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மின்னினால் வேலை செய்கிறது என்று பொருள், நிலையாக எரிந்தால், யாரோ அணைத்திருக்கிறார்கள் அல்லது பழுது. இன்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் பணிமனையில் காட்டுங்கள். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்தாலோ அதன் வயர் அறுந்தாலோ இப்படி ஆவதுண்டு. கூடவே, பிரேக் போடும்போது சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்கும் எரிந்தால், அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் இறுகி வழுக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு மெதுவாகவே பணிமனைக்கு ஓட்டிச் செல்லுங்கள்.