மூணாறுக்கு எந்த மாதம் போகலாம்?

குடும்பத்துடன் மூணாறு போக எந்த மாதம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் புரட்டாசியின் நடுப்பகுதி. செப்டம்பர் கடைசியில் கிளம்பி, அக்டோபர் முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு இன்னும் தொடங்காத இடைவெளி அது. மலை குளித்து முழுகி நிற்கும், கூட்டமும் குறைவு.

எனக்கு ஊர் போடிநாயக்கனூர். பெரியம்மா மூணாறில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் எஸ்டேட்டிலேயே வேலையில் இருப்பதால் லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, இன்னும் கையில் இருக்கிறது. வேலை போனால் வீடும் போய்விடும். பெரியம்மாவைப் பார்க்கும் சாக்கில் பன்னிரண்டு மாதமும் மலை ஏறியவன் நான்.

ஆடி மாதம் போடியில் மழை இருக்காது. புழுதிக் காற்று கண்ணைத் திறக்க விடாது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போதும் வெயில்தான். போடிமெட்டில் இறங்கினால் காற்று வேட்டியைப் பறிக்கும். கேரளப் பக்கம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் கீழே நம் ஊர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். மேகம் முகட்டைத் தாண்டி நம் பக்கம் வழியும். ஆனால் பாதி மலை இறங்குவதற்குள் காணாமல் போய்விடும். ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வருகிற காற்று, கீழே இறங்க இறங்கச் சூடாகிறது. அப்புறம் மேகம் எங்கே நிற்கும்? சிறுவனாக இருந்தபோது அந்த மேகம் எங்கே போகிறது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்று, பஸ்ஸைத் தவறவிட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

மூணாறுக்கு வடக்கே, உடுமலைப்பேட்டைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனால் மறையூரிலும் இதே கதைதான். மூணாறில் கொட்டித் தீர்க்கும்போது அங்கே கரும்பும் சந்தன மரமும் வெயில் காயும். மழையில் மாட்டிக்கொண்டால் அறையில் முடங்காமல் அங்கே இறங்கிவிடுங்கள். உருண்டை பிடித்த மறையூர் வெல்லம் வாங்கலாம். காந்தளூர்ப் பூண்டையும் விடாதீர்கள், சிறியது, ஆனால் நெடி ஊரைத் தூக்கும்.

ஆனி, ஆடி, ஆவணியில் வராதீர்கள் என்று நான் சொல்வது அட்டைக் கடிக்காக இல்லை. ஒரு ஜூலையில், போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் வழியில் உள்ள கேப் ரோட்டில் பாறை சரிந்ததால் பூப்பாறையோடு பஸ் நின்றது. பெரியம்மாவுக்குக் கொண்டுபோன முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அது சிரிப்பதற்கான கதை. 1924 வெள்ளம், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய ரயிலையே அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் கேரளத்தார் அதைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அதன்பிறகு ஆடி மழையை அழகு என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை நம் பக்கத்திலிருந்து ஏறும். அப்போது போடிமெட்டுச் சாலையைத்தான் விசாரித்துக்கொண்டு வர வேண்டும்.

மார்கழி, தை குளிர்காலம். செண்டுவாரை, சைலண்ட் வேலி பக்கம் சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். பயணிகள் விடியலில் வந்து வெள்ளைப் புல்லில் படம் எடுப்பார்கள். பெரியம்மா ஒரு தேயிலையைக் கிள்ளி, மேலிருந்த உறைபனியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உப்புத் தூளைப் போல உதிர்ந்தது. “இப்போது பச்சையாகத்தான் தெரியும். வெயில் ஏறட்டும், பார்” என்றார். மதியம் பார்த்தபோது அந்தச் சரிவு முழுக்கச் சுட்ட அப்பளம்போல் பழுப்பாகிக் கிடந்தது. கொழுந்து கருகினால் பறிப்பதற்கு என்ன இருக்கிறது? படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் வராதீர்கள். மே மாதத்துக்கும் அதே பதில்தான்: மலையை விட வண்டிகளை அதிகம் பார்ப்பீர்கள்.

மாசி, பங்குனியில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் வரையாடுகள் குட்டி போடும். வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் அந்தப் பூங்காவின் ராஜமலைக்குள் யாரையும் விடமாட்டார்கள். இது தெரிந்திருந்தும் மறந்துபோய், சம்பந்தி வீட்டாரை வாசல் வரை அழைத்துப்போய் அசடு வழிந்தவன் நான். மறையூர்ச் சாலையில் ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டிய ஜக்கரந்தா மரங்களைக் காட்டி ஒருவழியாகச் சமாளித்தேன். ஏப்ரலில் திறந்த பிறகு போனால், தாயின் காலடியில் இடறி விழும் குட்டிகளைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். புரட்டாசிக்கு அடுத்து என் ஓட்டு அந்த முதல் இரண்டு வாரங்களுக்குத்தான்.

குறிஞ்சியைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். ராஜமலையில் 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல். அந்த ஆகஸ்ட் வெள்ளம் சாலைகளை அறுத்துப்போட்டதால் பலரால் பார்க்க முடியாமல் போயிற்று. அடுத்தது 2030. அதற்கு எங்கள் உறவில் இப்போதே பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். லயத்து வீட்டில் இருப்பது ஒரே அறை.