மேடும் வாய்க்காலும்: சைக்கிள் கேள்வி-பதில்

ஈரோட்டில் சைக்கிள் கடை நடத்துபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எனக்கு வயது 54. வீட்டில் கியர் இல்லாத பழைய சைக்கிள்தான் இருக்கிறது. லாரித் தொல்லையும் பெரிய ஏற்றமும் இல்லாமல் காலையில் போய்வர ஒரு வழி சொல்லுங்கள். – வாசகர், ஈரோடு

காளிங்கராயன் வாய்க்கால் இருக்கும்போது வேறெங்கே போவீர்கள்? பவானி கூடுதுறைக்குச் சற்று மேலே, காளிங்கராயன்பாளையம் அணைக்கட்டில் பிரிகிறது. ஈரோட்டுக்குள் புகுந்து, காவிரிக்குப் பக்கத்திலேயே ஓடி, கொடுமுடிக்கு அருகே நொய்யலில் சேர்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. நீளம் சுமார் 90 கிலோமீட்டர். பவானிக்கும் கொடுமுடிக்கும் நேர்கோட்டில் அளந்தால் அதில் பாதிதான் வரும். ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்டியது, அந்தத் தடத்தில்தான் வெட்டினார்கள் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். சைக்கிள் மிதிப்பவருக்குக் காரணம் காலிலேயே தெரிந்துவிடும். மட்டம் கெடாமல் இருக்க, மேட்டைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் மெல்ல இறங்குகிறது, கூடவே போகிற சாலையும் முழங்காலைப் படுத்தாது.

நகரத்துக்குள் ஓடும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே வாய்க்கால் படும் பாட்டைப் பார்த்தால் மனசு ஆறாது. சாவடிப்பாளையம் தாண்டிய பிறகு கரூர் நெடுஞ்சாலையில் ஏறாமல், கூடுமானவரை ஊர்ச் சாலைகளிலேயே பாசூர், ஊஞ்சலூர் என்று கேட்டுக் கேட்டுப் போங்கள். வாழை, கரும்பு, மஞ்சள், தென்னை மாறி மாறி வரும். மாசி, பங்குனியில் போனால் மஞ்சள் வேகவைக்கிற வாசனை ஊருக்கு முன்னாலேயே வந்து எதிர்கொள்ளும். ஆரம்பத்தில் பாசூரோடு திரும்பிவிடுங்கள், போதும். கொடுமுடி வரை போகிறவர்களுக்கு அங்கே ரயில் நிலையம் இருக்கிறது, மடக்கு சைக்கிள் என்றால் திரும்பி வர வசதி.

உங்கள் சைக்கிளில் அநேகமாகப் பின்னால் 18 பல் ப்ரீவீல் (செயின் ஓடும் பின்சக்கரப் பல்சக்கரம்) இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 20 அல்லது 22 பல் மாட்டச் சொல்லுங்கள். வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் பாலத்து மேடுகளில் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது.

மட்டமான சாலை எனக்குச் சலித்துவிட்டது. ஏற்ற இறக்கமும் வேண்டும், வாய்க்காலும் வேண்டும், வண்டிகள் குறைவாக இருக்க வேண்டும். எங்கே போகலாம்? – வாசகி, கோவை

அப்படியானால் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரில் புறப்பட்டு, கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கங்களைச் சுற்றிக்கொண்டு 200 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்தச் சாலைகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். தண்ணீர் போகிற திசையில் பார்த்தபடி நில்லுங்கள். இடதுகைப் பக்கம் தாழ்வு, அது பாசனம் பெறும் வயல். வலதுகைப் பக்கம் உயரம், அது மானாவாரி மேட்டுக்காடு. ஆகவே வாய்க்காலைத் தாண்டி வலதுபுறம் போகிற எந்தக் கிராமச் சாலையும் ஏறத்தான் செய்யும். மேட்டில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்த சாலையில் இறங்கி மறுபடியும் வாய்க்காலைப் பிடிக்கலாம். இப்படியே ஊசி கோப்பதுபோல் ஒரு நாள் முழுக்கப் போகலாம்.

என் விருப்பம் வெள்ளோடு, சென்னிமலை, அரச்சலூர் வட்டாரம். கார்த்திகை முதல் மாசி வரை வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் ஆள் சத்தத்தைவிடப் பறவைச் சத்தம் அதிகம். சென்னிமலை முருகனுக்கு 1,320 படி. சைக்கிளோடு போகிறவர்களுக்கு மலைச் சாலையும் இருக்கிறது. தூரம் கொஞ்சம்தான், சரிவு அதிகம். இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறிவிடும், விட்டு விட்டுப் பிடியுங்கள். அரச்சலூர் நாகமலையில், தாளச் சொற்கட்டைப் பழைய பிராமி எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. உள்ளூரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் கண்ணில் படும்.

அங்கிருந்து காங்கேயம் பக்கம் திரும்பினால் நடுவில் நொய்யலைத் தாண்டுவீர்கள். (நிறுத்தி முகம் கழுவ நினைக்க வேண்டாம். திருப்பூர்ச் சாயத்தின் கதை உங்களுக்குத் தெரியும்.) அப்புறம் கொறங்காடு ஆரம்பிக்கிறது. அது மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடுகள். சாலை அலையலையாகப் போகும். ஒரு மேட்டில் நின்று பார்த்தால் இனி ஏற வேண்டிய மேடுகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு, நொந்துகொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் முதல் ரகம் என்று நினைக்கிறேன். கடை கண்ணி குறைவு, இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.

கீழ்பவானி வாய்க்காலின் கரைமேலேயே கடைசி வரை போய்விட முடியாதா? வரைபடத்தில் பாதை தெரிகிறதே? – கல்லூரி மாணவர், பெருந்துறை

தெரியும், ஆனால் அது சாலை இல்லை. வாய்க்காலைப் பராமரிக்கிறவர்கள் போய்வர விட்ட தடம். சில இடங்களில் மண் இறுகி நன்றாக இருக்கும். சில இடங்களில் சீமைக்கருவேலம் மூடியிருக்கும், மழைக்குப் பிறகு சேறு. மதகுப் பக்கம் லஸ்கர் (வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியர்) யாராவது நின்று, "ஏனுங்க, எங்க போறீங்க?" என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாத குறுக்கு வழி கிடையாது. போக வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர் நிறைய ஓடும்போது தயவுசெய்து குளிக்க இறங்காதீர்கள். மேலே பார்த்தால் சும்மா போவது போலத்தான் இருக்கும், உள்ளே இழுப்பு அதிகம். கான்கிரீட் போட்ட இடத்தில் பிடித்து ஏறக் கையில் ஒன்றும் அகப்படாது. அந்தக் கான்கிரீட் விஷயத்தில் விவசாயிகளே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டும் என்கிறது ஒரு பக்கம், கசிவு நின்றால் கிணறு வற்றிவிடும் என்கிறது இன்னொரு பக்கம். எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வரும். கேட்டுக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எந்த மாதம் நல்லது? – வாசகர், சேலம்

ஆடி மாதம் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கொங்கு நாடு முழுக்க வீசும். அதில் மேற்கு நோக்கி மிதித்தால் இறக்கத்தில்கூடப் பெடல் போட வேண்டும். ஆடியில் போயே தீர வேண்டும் என்றால் விடியற்காலையில் மேற்கே போய்விடுங்கள், வெயில் ஏறக் காற்றும் ஏறும், முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

அணையில் இருப்பு இருந்தால் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கீழ்பவானியில் தண்ணீர் விடுவார்கள். பாசன நிலத்தில் பாதிக்கு இந்தப் போகம், மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து. மதகு எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதுதான் கணக்கு. அதனால் ஒரு மதகின் கீழ் நெல் பச்சையாக நிற்கும், அடுத்த மதகின் கீழ் வெறும் நிலமாகக் கிடக்கும். ஐப்பசி மழை ஓய்ந்தபின், கார்த்திகையிலிருந்து தை வரை எங்கள் பக்கம் வாருங்கள்.

கோபியில் படிக்கிறேன். தனியாகப் போவதற்குப் பாதுகாப்பான, அழகான வழி இருக்கிறதா? – மாணவி, கோபிசெட்டிபாளையம்

நீங்கள் இருக்கிற இடமே அதுதானேம்மா. கொடிவேரி அணையில் பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் உங்கள் ஊர்ப் பக்கம்தான் ஓடுகிறது. பாரியூர்க் கோயில் வரை ஒரு காலை, கொடிவேரி வரை இன்னொரு காலை. வயலில் வேலைக்கு ஆள் வந்திருக்கும் நேரம், அதாவது ஆறரை மணிக்கு மேல் கிளம்புங்கள். எந்த வழியில் போகிறீர்கள் என்று வீட்டிலோ விடுதியிலோ ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொடிவேரிப் பக்கம் போகாதீர்கள், குளிக்க வரும் கூட்டத்தின் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். துணைக்குத் தோழி கிடைத்தால் கவுந்தப்பாடி வரை போகலாம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை போகிற ஊர். கரும்பாலையில் பாகு காய்ச்சும் வாசனைக்கே சைக்கிள் தானாக நின்றுவிடும்.

அமைதியான சாலை தேடுகிறேன். திம்பம் மலை ஏறலாமா? – வாசகர், திருப்பூர்

27 கொண்டை ஊசி வளைவு, லாரி, புலிகள் காப்பகம், யானை. நீங்கள் கேட்டது அமைதியான சாலை. வேண்டாம்.

கிராமச் சாலையில் போனாலே பஞ்சர் ஆகிறது. என்ன செய்வது? – வாசகர், காங்கேயம்

வேலி வெட்டும் நாட்களில் முள் சாலைக்கு வந்துவிடும், தவிர்க்க முடியாது. ஆனால் ஒட்டுப் போட்ட அன்றே மறுபடி பஞ்சர் என்றால் முதல் முள் டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். வெளியே முறிந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தேடினால் விரல்தான் கிழியும். ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி நூல் இழுக்கும். உள்ளிருந்து ஆணி முனையால் வெளியே தள்ளிவிட்டு, அதன் பிறகு டியூபைப் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தை, மாசியில் உங்கள் பக்கம் கொள்ளுச் செடியைப் பறித்துத் தார்ச்சாலையில் பரப்பியிருப்பார்கள். வண்டி ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும். கார், லாரிக்கு ஒன்றும் ஆகாது. சைக்கிள் வழுக்கும். கொடி செயினில் சுற்றிப் பின்கியரை இழுத்து வளைத்துவிடும், அந்த மாதங்களில் இப்படி என் கடைக்கு வரும் சைக்கிள்கள் நிறைய. இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி ஓரமாக நடந்து தாண்டுங்கள். கொள்ளுக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.